குங்குமம் வைத்த சாணைக்கல்

வேப்பந்தட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி, சம்பந்தியின் பைக்கில் பின்னால் தொற்றிக்கொண்டு, கடைசியில் அவருடைய வயல் வரப்பில் நடந்து கிணற்றடிக்கு வந்து சேர்ந்தேன். எதைத் தேடி வந்தேனோ அந்தக் கல், நான் விட்டுவிட்டுப் போன அதே வேப்பமரத்தடியில், அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தது. நெற்றியில் குங்குமம்.

கல்லுக்கு ஏது நெற்றி என்று கேட்காதீர்கள். உச்சிக்குக் கொஞ்சம் கீழே மஞ்சளைப் பூசி நடுவில் குங்குமம் வைத்தால் எந்தக் கல்லுக்கும் நெற்றி வந்துவிடும். இடுப்பில் ஒரு சிவப்புத் துணி சுற்றியிருந்தது. தலையில் அரளிப்பூ. முன்னால் எண்ணெய் வழிந்து கறுத்த அகல்விளக்கு. உடம்பெல்லாம் நல்லெண்ணெய் பூசிப் பளபளவென்று இருந்தது.

அது என் சாணைக்கல். சவரக்கத்தி தீட்டுவதற்கென்று ஓடையிலிருந்து நான் பொறுக்கி எடுத்து, கழுவி, நிழலில் காய வைத்த கல்.

சம்பந்தி தங்கராசு செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். என்னைத் திரும்பிப் பார்த்தார். நானும் செருப்பைக் கழற்றினேன். வேறென்ன செய்ய முடியும்?

பேரனின் காதுக்குப் பின்னால்

அந்தக் கல் எனக்கு ஏன் அத்தனை அவசரமாக வேண்டியிருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

என் மகள் கவிதாவை வேப்பந்தட்டைப் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறேன். மாப்பிள்ளை சதீஷுக்கு ஆலத்தியூரில் சிமெண்ட் ஆலை வேலை, வாரக் கடைசியில் வீட்டுக்கு வருவார். அவருடைய அப்பாவும் அம்மாவும் ஊரில் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் போடுகிறார்கள்.

பேரன் பிறந்து சில வாரங்களில், அவன் காதுக்குப் பின்னால் முடி தொடங்குகிற இடத்தில் சிவப்பாக ஒரு மேடு தெரிந்தது. கொசுக்கடி என்று நினைத்தோம். அது குன்றிமணி அளவுக்கு வளர்ந்து நின்றது. பெரம்பலூரில் டாக்டரிடம் காட்டினோம். ரத்தக்குழாய்கள் ஒன்றாகத் திரண்டு வருவதுதான், பிள்ளை வளர வளரத் தானாக அமுங்கிவிடும் என்றார். கீறல் மட்டும் படக் கூடாது, பட்டால் ரத்தம் லேசில் நிற்காது என்றும் சொன்னார்.

முதல் முடி குலசாமிக்கு. வயது ஒன்று முடிவதற்குள் தாய்மாமன் மடியில் உட்கார வைத்து எடுத்தாக வேண்டும். கவிதா ஏதேதோ காரணம் சொல்லித் தள்ளிக்கொண்டே வந்தாள். பிறந்தநாள் நெருங்க நெருங்கச் சம்பந்தியம்மா ராசாத்திக்கு இருப்புக்கொள்ளவில்லை. மாப்பிள்ளை ட்ரிம்மர் போடலாம் என்றார். கத்தி படாமல் எடுத்தால் அது முடி வெட்டிக்கொண்டதுதான், காணிக்கை ஆகாது என்று ராசாத்தி சொல்லிவிட்டார். கோயிலில் மொட்டை அடிக்கிறவர்கள் கையில் பிளேடு. அவசரத்தில் அடுத்தடுத்துத் தலை பார்க்கிறவர்கள். அவர்களை நம்பிக் கவிதா விடமாட்டாள்.

ஒருநாள் மத்தியானம் அவளே ஃபோன் செய்தாள்.

"அப்பா, நீ எடுக்கறதா இருந்தா சரிங்கிறேன். வேற யார் கையிலயும் புள்ளயக் குடுக்க மாட்டேன்."

நான் பெரம்பலூரில் சலூன் வைத்திருக்கிறவன் என்பது இந்தத் தொடரைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். மீசையைப் பற்றி எழுதிய வாரத்துக்கு அப்புறம் சில வாடிக்கையாளர்கள் கடை மாறிவிட்டார்கள் என்பது தெரிந்திருக்காது. எவ்வளவோ தலைகள் என் கைக்குள் வந்து போயிருக்கின்றன. அடம்பிடித்தவை, பேன் வைத்திருந்தவை, பணக்காரத் தலைகள், ஏன், தேர்தலில் நின்ற தலைகூட உண்டு. எதற்கும் நான் அசந்ததில்லை. அன்றைக்கு ஃபோனை வைத்ததும் மத்தியானமே கடையைச் சாத்திவிட்டேன்.

கடைக்கு பிளேடு, எனக்குக் கத்தி

கடையில் நானும் பிளேடுதான் போடுகிறேன். ஆளுக்கு ஒரு புது பிளேடு, அவர் கண் முன்னாலேயே உடைத்து மாட்டி, முடிந்ததும் கழற்றி எறிந்துவிட வேண்டும். நல்ல ஏற்பாடு. எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

என் முகத்துக்கு மட்டும் மடக்குக்கத்தி. பழைய சாமான் கடையில் துருவோடு கிடந்ததை எடுத்து வந்து தேற்றியது. செவ்வாய்க்கிழமை சலூன்களுக்கு விடுமுறை. அன்று காலையில் கத்தியும் கல்லும், தீட்டிய கூரை இழுத்துப் பதமாக்குகிற தோல்வாருமாகக் கொல்லைப்புறம் உட்கார்ந்துவிடுவேன். ஊரார் முகத்தையெல்லாம் ஒரு வீச்சில் முடித்து அனுப்புகிற மனுஷனுக்குத் தன் முகத்துக்கு மட்டும் அரைநாள் ஆகிறது என்று என் வீட்டுக்காரி அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள். சிரித்துவிட்டுப் போகட்டும். அவள் கோலம் போட எடுத்துக்கொள்கிற நேரத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை, இங்கே எழுதுவதோடு சரி.

பிளேடுக்கும் கத்திக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பார்கள். பிளேடு மெல்லியது, விறைப்பானது, எல்லாவற்றிலும் அவசரம். தோலில் மேடு இருந்தால் அதையும் சேர்த்து எடுத்துவிடும். கத்திக்குக் கனம் உண்டு, நிதானம் உண்டு. சரியாகத் தீட்டிய கத்தி மேட்டில் ஏறி இறங்கும்.

சரியாகத் தீட்டிய என்று சொன்னேன் அல்லவா? அங்கேதான் கல் வருகிறது. கடையில் விற்கிற சாணைக்கல் கத்திக்குக் கூர் கொண்டுவந்துவிடும். பெரியவர்கள் தாடைக்கு அது போதும். ஆனால் அந்தக் கூர்முனையை உற்றுப் பார்த்தால் ரம்பம் மாதிரி பல் பல்லாக இருக்கும். அதைத் தடவித் தடவி வழவழப்பாக்கக் கடைசியாக ஒரு கல் வேண்டும். மிக நைசான கல், இயற்கையாக விளைந்த கல். அது காசு கொடுத்தாலும் நம் பக்கம் கிடைக்காது. கண்ணில் படும்போது எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அரியலூர்க் கடல் வைத்துவிட்டுப் போனது

கல் தேடுகிற கிறுக்கு எனக்கு எப்போது பிடித்தது என்று நினைவில்லை. முதலில் ஏமாந்தது நினைவிருக்கிறது.

ஆலத்தியூருக்குச் சுண்ணாம்புக்கல் லோடு அடிக்கிற டிரைவர் ஒருவர் என்னிடம்தான் முடி வெட்டிக்கொள்வார். நான் கல் தேடுவது தெரிந்து மஞ்சள் நிறத்தில் ஒரு பலகைக்கல்லைக் கொண்டுவந்து கொடுத்தார். தடவினால் வெண்ணெய். அன்று எனக்குச் சந்தோஷம் தாளவில்லை. ஊறவைத்துத் தீட்ட ஆரம்பித்தேன். கத்தி இதமாகப் போய் வந்துகொண்டிருந்தது. திடீரென்று 'டிக்' என்று ஒரு சத்தம். தூக்கிப் பார்த்தால் கூரில் ஒரு பல் போயிருந்தது. கல்லைத் திருப்பி வெயிலில் பார்த்தேன். நடுவில் சின்னதாக ஒரு கிளிஞ்சல்.

அரியலூர்ப் பக்கம் ஒரு காலத்தில் கடலாக இருந்ததாம். மண்ணைத் தோண்டினால் சங்கும் சிப்பியும் கல்லாகக் கிடைக்கும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தும் ஏமாந்தேன். அத்தனை பெரிய கடல் போகும்போது ஒரு கிளிஞ்சலை என் கத்திக்காக விட்டுவிட்டுப் போயிருக்கிறது.

அதிலிருந்து வெளியே கிளம்பினால் பாக்கெட்டில் ஒரு எலுமிச்சம்பழம். சந்தேகமான கல்லைச் சுரண்டி, அந்தப் பொடியில் சாற்றைப் பிழிவேன். நுரைத்தால் சுண்ணாம்புக்கல். அதை வைத்து வீடு கட்டலாம், கத்தி தீட்ட முடியாது. ஊறுகாய்க்கு வாங்கிய பழம் குறைகிறது என்று வீட்டில் ஒரு தனிச் சண்டை நடந்தது.

குவாரியில் பாலிஷ் போட்ட கறுப்புக்கல் துண்டையும் பார்த்தேன். அது கத்தியைத் தாலாட்டும், தீட்டாது. சாத்தனூரில் மரம் கல்லாகிக் கிடக்கிறதே, அதையும் போய்ப் பார்த்தேன். வேலி போட்டுப் பாதுகாக்கிற பொருள். கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டுத் திரும்பினேன். அந்தக் கட்டுப்பாட்டை யாரும் பாராட்டவில்லை.

நல்ல கல்லுக்கு எனக்கென்று சில சோதனைகள் உண்டு. விரல் நுனியில் பிடித்துத் தொங்கவிட்டுச் சாவியால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். பொத்தென்று கேட்டால் உள்ளே விரிசல். மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் அது உடனே உறிஞ்சப்படாமல் தயங்கி நிற்க வேண்டும். கடைசிச் சோதனை கொஞ்சம் அசிங்கமானது. கல்லின் சில்லாலேயே கல்லைத் தேய்த்து, அதில் பால் மாதிரி வருகிற குழம்பைத் தொட்டு முன்பல்லில் வைத்துக் கடித்துப் பார்ப்பேன். நறநறவென்றால் தூக்கி எறிய வேண்டியதுதான். விரலுக்குத் தெரியாத மணல் பல்லுக்குத் தெரிந்துவிடும்.

ஓடையில் கிடைத்தது

கவிதாவின் அந்த ஃபோனுக்குப் பல மாதங்களுக்கு முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை பேரனைப் பார்க்கச் சம்பந்தி வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பிட்டுவிட்டு, காலாற நடக்கலாமென்று வயல் பக்கம் போனேன். வயலை ஒட்டிப் பச்சைமலையிலிருந்து வருகிற ஓடை. மழையில்லாமல் காய்ந்து கிடந்தது. மணலில் பாதி புதைந்து ஒரு கல். கறுப்பும் இல்லை, பச்சையும் இல்லை, நனைந்த யானைத்தோல் நிறம். ஒரு பக்கம் யாரோ இழைத்து வைத்த மாதிரி தட்டையாக இருந்தது.

தட்டினேன். கணீர். எலுமிச்சை பிழிந்தேன், நுரைக்கவில்லை. தண்ணீர்ச் சொட்டு தயங்கி நின்றது. கடித்துப் பார்த்தேன். பல்லுக்கு ஒன்றும் தெரியவில்லை, சந்தனத்தைக் கடித்த மாதிரி இருந்தது. ஓடைக்குள் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். நான் கல்லைக் கடிப்பதைச் சம்பந்தி கரையிலிருந்து பார்த்துவிட்டு, அன்றைக்கு மரியாதைக்காக ஒன்றும் கேட்கவில்லை என்று பின்னால் தெரிந்தது.

கிணற்றடித் தொட்டியில் ஊறவைத்து, பழம் வெட்டுகிற சின்னக் கத்தியைத் தீட்டிப் பார்த்தேன். அந்த மட்டமான கத்திக்கே ஒரு மினுமினுப்பு வந்தது. ஈரக் கல்லை வெயிலில் வைக்கக் கூடாது, வெடித்துவிடும். படுக்கப் போட்டாலும் ஒரு பக்கம் காய்ந்து மறுபக்கம் ஈரம் நிற்கும். முன்பு ஒரு நல்ல கல்லை அப்படி இழந்திருக்கிறேன். ஆகவே வேப்பமர நிழலில், மண்ணைக் கொஞ்சம் தோண்டி, அடியை ஊன்றி, தட்டையான முகம் காற்று வருகிற பக்கம் பார்க்க நிமிர்த்தி வைத்தேன். காற்று வந்தது கிழக்கிலிருந்து.

அதற்குள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சம்பந்தி ஹாரன் அடித்தார். ஓடிப்போய் ஏறினேன். கல் ஞாபகம் பெரம்பலூர் வந்து இறங்கும்போதுதான் வந்தது. அடுத்த முறை எடுத்துக்கொள்ளலாம், அடுத்த முறை எடுத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டுவிட்டேன்.

கவிதா ஃபோன் செய்த பிறகுதான் சம்பந்தியைக் கூப்பிட்டுக் கேட்டேன். வேப்பமரத்தடியில் ஒரு கல் நிமிர்த்தி வைத்திருந்தேனே, இருக்கிறதா? அங்கே கல் எதுவும் கிடையாதே என்றார். மனுஷன் பொய் சொல்லவில்லை. அவர் கணக்கில் அங்கே கல் எதுவும் இல்லைதான்.

வைக்க வைத்தது யார்?

கல்லை நேரிலேயே தேடிவிடலாமென்று முடி எடுப்பதற்கு முந்தின நாள் நான் போய்ச் சேர்ந்தேன். கிணற்றடியில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன் என்று சொன்னேன் அல்லவா? சற்று நேரத்தில் ராசாத்தி, இடுப்பில் பேரனோடு கவிதா, மாப்பிள்ளை, என் மகன் பிரபு எல்லோரும் வந்துவிட்டார்கள்.

நடந்தது இதுதான். நான் போன அன்று ராத்திரி அவர்கள் பக்கம் பெருமழை. காய்ந்து கருகவிருந்த மக்காச்சோளம் பிழைத்தது. காலையில் ராசாத்தி கிணற்றடிக்கு வந்து பார்த்தால், நேற்றுவரை இல்லாத ஒரு கல், வேப்பமரத்தடியில், கிழக்கு பார்த்து, மழையில் குளித்து நிற்கிறது. அது வந்த ராத்திரியும் செவ்வாய்க்கிழமை. அம்மனுக்கு உகந்த நாள். அவருக்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

அன்று செவ்வாய்க்கிழமையாக இருந்ததற்குக் காரணம் சலூன்காரர்களுக்கு அன்றைக்குத்தான் லீவு என்பது. நான் ஒளிக்கவில்லை, உடனே சொல்லிவிட்டேன். ஓடையில் எடுத்தது, ஊறவைத்தது, காய்வதற்காக நிமிர்த்தியது, காற்றுக்காகக் கிழக்கே திருப்பியது எல்லாவற்றையும் சொன்னேன். சம்பந்தியும், நான் கல்லைக் கடித்ததைப் பார்த்ததாக எனக்காகச் சாட்சி சொன்னார்.

ராசாத்தி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். முகத்தில் கோபமே இல்லை.

"நீங்கதான் வெச்சீங்க அண்ணே, யாரு இல்லேன்னா? உங்கள இங்க வெக்க வெச்சது யாரு?"

இதற்குப் பதில் தெரிந்தவர்கள் எனக்குச் சொல்லலாம்.

கல் எனக்கு எதற்கு வேண்டும் என்பதையும் விளக்கினேன். என்னிடம் இருக்கிற கல்லில் தீட்டினால் மற்ற தலைக்குப் போதும், இந்தத் தலைக்குப் போதாது என்றேன். சாமி மேல் கத்தியைத் தேய்ப்பதா என்று அவர் திகைத்தார். மாப்பிள்ளை, ட்ரிம்மரே போதும் என்று மறுபடி ஆரம்பித்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவரும் பயத்தில்தான் இருந்தார். கவிதா பிள்ளையின் காதுக்குப் பின்னால் விரலை வைத்து மூடியபடி நின்றாள்.

சம்பந்திதான் வழி சொன்னார். பூப்போட்டுக் கேட்டுவிடலாம்.

இரண்டு பொட்டலம்

எங்கள் பக்கத்தில் இது வழக்கம்தான். வெள்ளைப்பூவை ஓர் இலையிலும் சிவப்புப்பூவை ஓர் இலையிலும் மடித்து, எது எது என்று தெரியாதபடி கலைத்துச் சாமி முன்னால் வைப்பார்கள். ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சாமிக்குச் சம்மதம், சிவப்பு வந்தால் இல்லை. பெண் பார்ப்பதிலிருந்து கிணற்றுக்குப் போர் போடுவது வரை இப்படித்தான் முடிவாகும்.

வேறு குழந்தை அக்கம்பக்கத்தில் இல்லை. யார் தலையைப் பற்றிய வழக்கோ அவனையே தரையில் இறக்கிவிட்டார்கள். அவன் தவழ்ந்து போய், முதலில் அகல்விளக்கைப் பிடிக்கப் பார்த்தான். திருப்பிவிட்டார்கள். பிறகு வலது கையில் ஒரு பொட்டலம், இடது கையில் ஒரு பொட்டலம் இரண்டையும் எடுத்துக்கொண்டு, யாரிடமும் தரமாட்டேன் என்று இறுக்கிக்கொண்டான்.

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிரபு, இன்னொரு தரம் வைத்துப் பார்க்கலாமே என்றான். கேட்டதையே திருப்பிக் கேட்டால் சாமிக்குப் பிடிக்காது என்றார் சம்பந்தி. முடிவு ராசாத்தி கையில். அவர் கல்லையும் பார்த்தார், பேரனையும் பார்த்தார், என் பையிலிருந்து எட்டிப்பார்த்த தோல்வாரையும் பார்த்தார்.

"குடுக்கவும் சொல்லுது, குடுக்க வேணாம்னும் சொல்லுது. அப்ப எடுத்துட்டுப் போகாதீங்க அண்ணே. இங்கயே உக்காந்து தீட்டிக்குங்க."

எந்தக் கோர்ட்டிலும் இப்படி ஒரு தீர்ப்பு கிடைக்காது. எனக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

தீட்டியது

அடுத்த சங்கடம் எண்ணெய். மாதக்கணக்கில் நல்லெண்ணெய் குடித்த கல்லில் கத்தி வழுக்குமே தவிரப் பிடிக்காது. தயங்கித் தயங்கிச் சொன்னேன். இவ்வளவுதானா என்றார் ராசாத்தி. எண்ணெய்க் காப்பு போட்ட சாமிக்குச் சீயக்காய் தேய்த்துக் குளிப்பாட்டுவது முறைதானே. அவரே உட்கார்ந்து தேய்த்தார். சீயக்காய் வாசனை கிணற்றடி முழுக்க எழுந்தது. மஞ்சளும் குங்குமமும் கரைந்து வாய்க்காலில் போயின. குங்குமத்தில் ஒரு மணல் இருந்தாலும் கத்தி போய்விடும் என்ற பயத்தில் நான் மெல்லிய வேட்டித் துணியால் திரும்பத் திரும்பத் துடைத்தேன். பக்தியில் துடைக்கிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

கல்லைப் படுக்க வைத்தால்தான் தீட்ட முடியும். இதை எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் ஒரு வாழையிலையை விரித்து, மேலே புதுத் துண்டை மடித்துப் போட்டார்.

"படுத்துக்கட்டும். எத்தன மாசமா நிக்குது, அதுக்கும் முதுகு வலிக்கும்ல."

கல்லைப் படுக்க வைத்தேன். சொம்பிலிருந்து அவர் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டார். அவருக்கு அது அபிஷேகம், எனக்கு அது சாணைத் தண்ணீர்.

கத்தியின் முதுகும் கூரும் ஒருசேரக் கல்லில் படியும்படி வைத்து, கூர் முன்னால் போகத் தள்ள வேண்டும். முடிவில் முதுகின் மேலேயே புரட்டி, மறுபக்கம் இழுத்து வர வேண்டும். கூரின் மேல் புரட்டினால் போச்சு. முதலில் காய்ந்த சோளத்தட்டையில் நடப்பது போலச் சரசரவென்று கேட்டது. சாம்பல் நிறத்தில் பால் திரண்டது. போகப் போகச் சத்தம் குறைந்தது. தண்ணீர் விட்டு விட்டுப் பாலை நீர்க்க வைத்தேன். கடைசியில் தெளிந்த தண்ணீர் மட்டும்தான். கையின் பாரத்தைக்கூட எடுத்துவிட்டு, கத்தியின் சொந்தக் கனத்தில் அதைப் போகவிட்டேன். இப்போது சத்தமே இல்லை. கல் கத்தியை லேசாகப் பிடித்துப் பிடித்து விடுவது மட்டும் விரலில் தெரிந்தது. அந்த உணர்ச்சி எனக்கு அதற்கு முன்பு எந்தக் கல்லிலும் கிடைத்ததில்லை. எதற்காக இங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்பதே மறந்து, கொஞ்ச நேரம் சந்தோஷமாக இருந்தேன்.

வழிந்த சாம்பல் நிறப் பாலை ராசாத்தி விரலால் தொட்டு நெற்றியில் இட்டுக்கொண்டார். எனக்கும் இட்டார்.

தோல்வாரை மோட்டார் கொட்டகைக் கதவின் தாழ்ப்பாளில் மாட்டி நாலு இழுப்பு இழுத்தேன். திரும்பினால் கவிதா நின்றிருந்தாள். தன் தலையிலிருந்து ஒரு நீள முடியைப் பிடுங்கி, ஒரு நுனியை விரலில் பிடித்துத் தொங்கவிட்டு என் முன்னால் நீட்டினாள். சின்ன வயதில் கடைக்கு வரும்போது இந்த விளையாட்டு விளையாடியிருக்கிறாள். கத்தியை முடியின் பக்கத்தில் கொண்டுபோனேன். பட்டதா இல்லையா என்று தெரியவில்லை. பாதி முடி கீழே விழுந்தது. அவள் கையிலிருந்த மீதியைப் பார்த்துவிட்டு வீட்டுப் பக்கம் நடந்தாள்.

குலசாமி முன்னால்

மறுநாள் காலை மலையடிவாரத்துக் கோயிலில் பிரபு சம்மணம் போட்டு உட்கார்ந்து பேரனை மடியில் வாங்கிக்கொண்டான். தலையில் தண்ணீர் பட்டதும் பிள்ளை போட்ட கூச்சலில் ஆலமரத்துக் காகமெல்லாம் பறந்தது. நான் அவசரப்படவில்லை. அழுகிற பிள்ளைகள் மூச்சு வாங்க நடுவில் ஒரு கணம் நிறுத்துவார்கள். கத்தி அந்த நேரத்தில்தான் போக வேண்டும்.

உச்சி முடிந்தது. இடது பக்கம் முடிந்தது. சுருள் சுருளாகப் பூனை முடி பிரபுவின் வேட்டியில் விழுந்தது. மிச்சம் வலது காதுக்குப் பின்னால்.

காதை மெல்ல மடக்கி, இடது கட்டைவிரலால் தோலை இழுத்துப் பிடித்தேன். அந்தச் சிவப்பு மேடு விரலுக்கு வெதுவெதுப்பாக இருந்தது. மேட்டைச் சுற்றி ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் கத்தியைக் கொண்டுவந்து, கிட்டே வந்ததும் கையின் பாரத்தை எடுத்துவிட்டேன். முந்தின நாள் கல்லின் மேல் விட்ட அதே மாதிரி. கத்தி தன் கனத்தில் மேட்டில் ஏறியது, இறங்கியது. பேரன் அழுகையை நிறுத்திவிட்டு என் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.

கவிதா வெள்ளைத் துணியால் அங்கே ஒற்றி எடுத்தாள். துணியை விரித்து வெளிச்சத்தில் பார்த்தாள். திருப்பியும் பார்த்தாள். துணி வெள்ளையாகவே இருந்தது.

அதற்கப்புறம் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். கிணற்றடியம்மன் காப்பாற்றிவிட்டாள் என்று ராசாத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டார். திரும்பிப் போனதும் கல்லுக்குத் தேங்காய் உடைத்தார்கள், பொங்கல் வைத்தார்கள், புது மஞ்சள், புதுக் குங்குமம், புதுத் துணி. அதைக் கும்பிடவே பக்கத்து வயல்காரர்களும் வந்தார்கள். மாப்பிள்ளைகூட விழுந்து கும்பிட்டார். கத்தி பிடித்த கையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு லேசாக மனத்தாங்கல்தான், மறைக்கவா முடியும்?

இப்போதும் அந்தக் கல் அங்கேயேதான் இருக்கிறது. அதன் உடன்பிறப்பு ஒன்று கிடைக்குமா என்று ஓடை நெடுகத் தேடிவிட்டேன், இல்லை. அதனால் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை கத்தியோடு வேப்பந்தட்டைக்கு பஸ் ஏறுகிறேன். ராசாத்தி சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டித் தருவார், நான் தீட்டிக்கொண்டு, மறுபடி குங்குமம் வைத்து நிமிர்த்திவிட்டு வருவேன். போன முறை பக்கத்து ஊர்ப் பெண் ஒருவர் என்னைப் பூசாரி என்று நினைத்து விபூதி கேட்டார். அந்தச் சாம்பல் நிறப் பாலைத்தான் இட்டு அனுப்பினேன். மனசுக்கு நிம்மதியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆனால் நான் சொல்ல வந்தது அன்றைய சாயங்காலத்தைப் பற்றி. பொங்கல் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் கல்லைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நான் தள்ளிப்போய் மோட்டார் கொட்டகை வாசலில் கத்தியைத் துடைத்து எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். கவிதா பேரனைத் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கிண்ணத்தில் சந்தனம் வைத்திருந்தாள். மொட்டைத் தலை முழுக்க அவனுக்குக் குளிரக் குளிரத் தடவினாள். காதுக்குப் பின்னால் வரும்போது மட்டும் விரல் மெதுவாகப் போனது.

கிண்ணத்தில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. என் வலது கையைப் பிடித்து இழுத்து, கத்தியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, உள்ளங்கையிலும் விரல்களிலும் மிச்சச் சந்தனத்தைப் பூசினாள்.

"அந்தக் கல்லுக்கு எங்க அத்தை வெச்சுட்டாங்க. இது உனக்கு."

பெரம்பலூர் வந்து சேரும்வரை நான் அந்தக் கையால் பஸ் கம்பியைப் பிடிக்கவில்லை.